சென் குடும்பத் தாய்ச்சியில் ‘20-ஆம் தலைமுறை’ என்றால் என்ன?

கேள்வி இதுதான்: “எங்கள் தாய்ச்சி ஆசிரியர் தன்னைச் சென் பாணியின் 20-ஆம் தலைமுறை என்று சொல்லிக்கொள்கிறார். அவர் சென் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை, சீனரே இல்லை. குடும்பத்துக்குள் மட்டுமே கற்றுக்கொடுத்த கலை என்கிறார்களே, அப்புறம் இவர் எப்படி அதில் வந்தார்? இருபது தலைமுறைப் பழமை என்பது உண்மையா, விளம்பரமா?”

முதலில் அந்த எண்ணை முடித்துவிடுவோம். இருபது என்பது தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் வயது இல்லை, ஒரு குடும்பத்தின் வயது.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே, வென் வட்டத்தில் சென்ஜியாகோ என்று ஒரு கிராமம் இருக்கிறது. பெயருக்கு ‘சென் வீட்டுப் பள்ளம்’ என்று பொருள். ஊருக்குள் ஆழமான ஓடைப் பள்ளங்கள் உண்டு. 1370-களில், மிங் வம்சம் ஆட்சிக்கு வந்த புதிதில், போரால் ஆள் குறைந்துபோன ஹெனானுக்குப் பக்கத்து ஷான்ஷி மாகாணத்திலிருந்து மக்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அப்படி வந்த உழவர்களில் ஒருவர் சென் பு. குடும்பப் பட்டியலில் அவர்தான் ஒன்று. கலையை உண்டாக்கியவராகக் குடும்பம் சொல்லும் சென் வாங்திங் (சுமார் 1600–1680) ஒன்பதாவது. ஆக, 20-ஆம் தலைமுறை என்பவர் கலைக்குப் பன்னிரண்டாம் தலைமுறைதான். உங்கள் ஆசிரியர் பொய் சொல்லவில்லை; எதிலிருந்து எண்ணுகிறார் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். அநேகமாக அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாங்திங் மிங் ஆட்சியின் கடைசிக் காலத்துப் போர்வீரர். 1644-இல் மிங் கவிழ்ந்து மஞ்சுக்கள் வந்ததும் அவர் வாழ்க்கை ஊருக்குள் சுருங்கிப்போகிறது. அவர் பெயரில் ஒரு சிறு பாட்டு குடும்பத்தில் இருந்துவருகிறது; அதில் அவரே பேசுகிறார். ஒருகாலத்தில் கவசம் அணிந்து களத்தில் நின்றவன், இப்போது வயதாகி ஒரு தாவோ நூலை மட்டுமே துணையாகக் கொண்டிருக்கிறேன். சலிப்பு வந்தால் அடவு கட்டுகிறேன், வேலை வந்தால் வயலுக்குப் போகிறேன். மிச்ச நேரத்தில் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்கள் எப்படியோ ஆகட்டும் என்பது அதன் சாரம். கலையை உண்டாக்கியவர் என்று பீடத்தில் ஏற்றப்பட்டவரின் வாயில் வரும் பேச்சா இது? எனக்கு அவரிடம் பிடித்ததே இந்த அலட்சியம்தான்.

அவர் எதிலிருந்து கட்டினார் என்பதற்கு ஒரு நல்ல தடயம் இருக்கிறது. மிங் தளபதி சீ ஜிகுவாங் (1528–1588) தன் படைப்பயிற்சி நூலில் வெறுங்கைச் சண்டைக்கு 32 நிலைகளைப் படத்தோடு கொடுத்திருக்கிறார். ஷாங்காய்க்காரரான தாங் ஹாவ் என்ற வழக்கறிஞர், தற்காப்புக் கலை வரலாற்றை ஆவணம் பார்த்து எழுதியவர், 1930-களின் தொடக்கத்தில் சென்ஜியாகோவுக்கு நேரில் போய்க் குடும்பப் பட்டியலையும் பழைய அடவுக் குறிப்புகளையும் பார்த்தார். அந்த 32-இல் 29 நிலைகள் சென் அடவுகளில் கிடக்கின்றன என்று கண்டார். குடும்பப் பட்டியலில் வாங்திங்கின் பெயருக்குப் பக்கத்தில், சென் குடும்பத்துக் கைச்சண்டை, வாள், ஈட்டி ஆகியவற்றைத் தொடங்கியவர் இவரே என்று எழுதியிருப்பதையும் எடுத்துக்காட்டினார்.

இதே தாங் ஹாவ்தான் ஜாங் சான்ஃபெங் என்ற தாவோத் துறவி தாய்ச்சியைப் படைத்தார் என்பதையும், ஷாவ்லின் கலை போதிதர்மரிடமிருந்து வந்தது என்பதையும் கதை என்று ஒதுக்கியவர். காஞ்சிபுரத்தை இதில் இழுக்கும் நம்மவர்கள் பலருக்கு இது கசக்கும். ஆனால் போதிதர்மரோடு உடற்பயிற்சியை முடிச்சுப் போடும் நூல் 1624 வாக்கில் எழுதப்பட்டது. அவர் காலத்துக்கும் அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. சரி, அது வேறு சண்டை.

தாங் ஹாவ் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா என்றால் இல்லை. அந்தப் பக்கக் குறிப்புகள் பிற்காலத்தில் செருகப்பட்டவையாக இருக்கலாம் என்று அன்றே ஆட்சேபம் வந்தது. சென்ஜியாகோவுக்குப் பக்கத்தில் ஜாவ்பாவ் என்ற ஊர்க்காரர்கள், ஜியாங் ஃபா என்பவர் வழியாக வெளியிலிருந்து வந்த கலை இது என்பார்கள். சென் குடும்பத்துப் பழைய ஓவியத்திலேயே வாங்திங் உட்கார்ந்திருக்க, பின்னால் ஆயுதத்தோடு நிற்பவர் ஜியாங் ஃபாதான். அவர் வேலையாளா, நண்பரா, குருவா என்பதில் ஊருக்கு ஊர் பதில் மாறும். 2000-க்குப் பிறகு பக்கத்து போஆய் வட்டத்து லி குடும்பமும் தன் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. என்னைக் கேட்டால், இந்த வழக்கில் மிக நேர்மையாகப் பேசியவர் லி யீயூ (1832–1892) என்ற படிப்பாளி. தாய்ச்சி பற்றி 1881-இல் எழுதிய சிறு குறிப்பை அவர் தொடங்குவதே, இது யாரிடம் தொடங்கியது என்று தெரியாது என்றுதான்.

நான் பட்டியலை நம்புவதைவிட அடவுகளின் பெயர்களை நம்புவேன். அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

சென் அடவுத் தொடரின் ஆரம்பத்தில் ‘லான் ஜா யீ’ வரும். வலக்கை மார்புக்கு முன்னால் வளைந்து எழுந்து வலப்பக்கம் விரியும், இடக்கை இடுப்பில் நிற்கும், பார்வை வலக்கை நடுவிரல் நுனியில். பெயருக்கு ‘அலட்சியமாக அங்கியைச் செருகுதல்’ என்று பொருள். சண்டைக்கு முன் நீள அங்கியின் கீழ்விளிம்பைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்வது. நம்மூரில் வேட்டியை மடித்துக்கட்டுவது மாதிரி. சீ ஜிகுவாங்கின் 32 நிலைகளில் முதல் நிலையின் பெயரும் இதேதான். சென் பாணியிலிருந்து பிரிந்த யாங் பாணியில் அதே இடத்தில் என்ன வருகிறது? ‘லான் சுவே வெய்’, சிட்டுக்குருவியின் வாலைப் பிடித்தல். ஒலி கிட்டத்தட்ட ஒன்று, பொருளுக்கும் பொருளுக்கும் தொடர்பே இல்லை. அதேபோல சென்னில் ‘லியூ ஃபெங் ஸி பீ’, அதாவது ஆறு மூடல் நாலு அடைப்பு; யாங்கில் ‘ரு ஃபெங் ஸி பீ’, மூடுவதுபோல் அடைப்பதுபோல். சென்னில் சிறகு விரிக்கும் வெள்ளை வாத்து, யாங்கில் வெள்ளைக் கொக்கு ஆகிவிட்டது.

இது எதைக் காட்டுகிறது? காதால் கேட்டு உடம்பால் வாங்கிக்கொண்டவர்கள் வழியாகக் கலை போயிருக்கிறது. ஹெனான் கிராமத்துப் பேச்சில் கேட்டதைப் பிறகு யாரோ படித்தவர் பெய்ஜிங் பக்கத்து எழுத்தில் எழுதும்போது, ஒலிக்குப் பொருந்தின அழகான எழுத்தைப் போட்டுவிட்டார். இன்னொரு கிளையைப் பாருங்கள். வூ யூஷியாங் (1812–1880) வசதியான படித்த குடும்பத்துக்காரர். ஜாவ்பாவில் குடியிருந்த சென் சிங்பிங்கிடம் நேரில் போய் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் கற்றார். நான் மேலே சொன்ன லி யீயூ இவருடைய சகோதரி மகன். வூ யூஷியாங் வழியில் வந்த பாணியிலும், அதிலிருந்து சுன் லூதாங் உருவாக்கிய பாணியிலும் ‘லான் ஜா யீ’ பழைய பெயரோடு அப்படியே நிற்கிறது. அங்கியும் குருவியும் எங்கே பிரிந்தன என்று பார்த்தாலே கொடிவழி பாதி தெரிந்துவிடும். இதைப் பொய்யாக எழுதிச் சேர்க்க யாருக்கும் தோன்றியிருக்காது.

இனி யாங். உங்கள் கேள்வியின் மறுபாதிக்கு விடை இங்கேதான். ஹெபெய் மாகாணத்தின் யோங்நியனில் சென்ஜியாகோக்காரர் ஒருவர் மருந்துக்கடை வைத்திருந்தார். அந்தத் தொடர்பில்தான் யாங் லூசான் (1799–1872) என்ற ஏழைப் பையன் சென்ஜியாகோவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே 14-ஆம் தலைமுறை சென் சாங்ஷிங் (1771–1853) கற்பித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் தள்ளுமுள்ளு நடந்தாலும் அசையாமல் நேராக நிற்பாராம். முன்னோர் பெயர் எழுதி வழிபாட்டில் வைக்கும் மரப்பலகையை ஒப்பிட்டு ‘பலகை ஐயா’ என்றே அவரைக் கூப்பிட்டார்கள். வேலைக்கார யாங் சுவர் ஓட்டை வழியாக ஒளிந்து பார்த்துக் கற்றார், ஊமைபோல் நடித்தார் என்ற கதையெல்லாம் பிற்கால நாவல் சரக்கு. சாங்ஷிங் அவரை மாணவராகவே சேர்த்துக்கொண்டார். வெளியாளுக்கு வெளிப்படையாகக் கதவு திறந்தது அங்கேதான். யாங் பிறகு பெய்ஜிங் போய் மஞ்சுப் பிரபுக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகன்கள், பேரன் யாங் செங்ஃபு (1883–1936) என்று அது பெரிய மரமாகிவிட்டது. இன்று உலகம் முழுக்கப் பூங்காக்களில் மெதுவாக ஆடுவதில் பெரும்பங்கு அந்த வழிதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘தாய்ச்சி’ என்ற பெயரே யாங், வூ வட்டாரத்தில் பிரபலமாகி, பிறகுதான் சென்ஜியாகோவுக்குத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். இங்கே பேரன் பெயரைத் தாத்தாவுக்கு வைத்திருக்கிறார்கள்.

சாங்ஷிங்கின் நேர்வம்சம் இப்படிப் போகிறது: மகன் சென் கெங்யுன், பேரன் சென் யான்ஷி, கொள்ளுப்பேரன் சென் ஃபாகே (1887–1957). கேட்க வாழைக்குப் பின் கன்று மாதிரி ஒழுங்காக இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. ஃபாகே பிறந்தபோது அப்பாவுக்கு அறுபதை ஒட்டின வயது. மூத்த பிள்ளைகள் தொற்றுநோயில் போய்விட்டார்கள். ஒற்றைப் பிள்ளை, நோஞ்சான், செல்லம். பயிற்சி பக்கமே போகவில்லை. அப்பாவோ, பிற்பாடு சீனக் குடியரசின் தலைவரான யுவான் ஷிகாய் வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போய்விட்டார். இந்தக் குடும்பத்துக் கைத்திறன் இவனோடு முடிந்தது என்று பெரியவர்கள் பேசியது பையன் காதில் விழுந்தது.

பதினேழு வயதில் ஒருநாள் பங்காளி அண்ணனோடு வயலுக்குப் போகிறார். அண்ணன் பாதியில் எதையோ எடுக்க வீட்டுக்குத் திரும்பவேண்டி வருகிறது. “நீ மெதுவா நடந்துட்டிரு, நான் ஓடிவந்து பிடிச்சிடறேன்” என்று சொல்லிவிட்டு ஓடுகிறார். ஃபாகேவுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவன் வேகமாகப் போகிறான், நானும் போகிறேன்; அவன் போவதைப்போல இரண்டு மடங்கு போனால்தானே பிடிக்கமுடியும்? அன்றிலிருந்து அண்ணன் எத்தனை முறை அடவுத் தொடர் செய்வாரோ அதைவிடப் பலமடங்கு செய்யத் தொடங்கினார். மூன்று வருடம் கழித்து கைதள்ளும் பயிற்சியில் அண்ணனைத் தோற்கடித்தார். அண்ணனுக்குச் சந்தேகம்: சித்தப்பா தன் மகனுக்கு மட்டும் ரகசியமாக ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்! ஆனால் அந்த மூன்று வருடமும் சித்தப்பா ஊரிலேயே இல்லை. இதை ஃபாகேவே தன் மாணவர் ஹோங் ஜுன்ஷெங்கிடம் (1907–1996) சொல்லியிருக்கிறார். ‘அப்பாவிடமிருந்து மகனுக்கு’ என்று பட்டியலில் ஒரு கோடு போட்டிருக்கும் இடத்தில், அப்பா இல்லாத மூன்று வருடமும், எதிரே ஒரு பங்காளியும், புழுதி பறக்கும் வாசலும் இருக்கின்றன.

1928-இல் ஃபாகே பெய்ஜிங் போனதும் குடும்பத்தில் ஒருவர் இழுத்துவிட்டதால்தான். 18-ஆம் தலைமுறை சென் ஜாவ்பீ (1893–1972) அங்கே கற்பித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான்ஜிங்கிலிருந்து அழைப்பு வந்தது. போகும்போது, என்னைவிடப் பலமடங்கு தேர்ந்தவர் என் சித்தப்பா என்று சொல்லி ஃபாகேவை வரவழைத்தார். சித்தப்பாவுக்கும் அவருக்கும் ஆறே வயதுதான் வித்தியாசம். மெதுவான யாங் பாணியையே பார்த்துப் பழகிய பெய்ஜிங்காரர்களுக்கு இது தாய்ச்சியா என்றே சந்தேகம் வந்தது. ‘காவல் தேவன் உரல் இடித்தல்’ என்ற அடவை எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய வலது கை மேலே எழும்பி, உள்ளங்கையாகிய உரலுக்குள் உலக்கை விழுவதுபோல இடது கையில் இறங்கும். அதே நொடியில் தூக்கிய வலது கால் தரையை மிதிக்கும். ஃபாகே மிதித்தால் ஜன்னல் அதிரும் என்பார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம், சாகும்வரை பெய்ஜிங்கிலேயே கற்பித்தார். அவரிடம் கற்று வேறு ஊர்களுக்குப் போனவர்கள் வழியாகச் சென் குடும்பத்தைச் சேராத பெரிய கிளைகள் கிளம்பின. ஹோங் ஜுன்ஷெங் ஜினான் நகரில் வளர்த்த வழி அவற்றில் ஒன்று.

அந்தப் பக்கம் சொந்த ஊரில் என்ன நடந்தது? அதைத்தான் யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. போர், 1942-இன் ஹெனான் பஞ்சம், பிறகு இன்னொரு பஞ்சம். மக்கள் சியான் நகரத்துப் பக்கம் சிதறிப்போனார்கள். 1958-இல் ஜாவ்பீ வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது, ஒழுங்காகச் செய்துகாட்டக்கூட ஆள் அரிதாக இருந்தது. அறுபதைத் தாண்டிய மனிதர் சொந்த ஊரிலேயே அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார். கலாசாரப் புரட்சியில் அவரையும் விடவில்லை. பொதுக்கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். பொறுக்காமல் கிணற்றில் குதித்தார், காலில் காயத்தோடு பிழைத்தார். அதற்கப்புறமும் இரவில் மறைவாகக் கற்றுக்கொடுத்தார். பிற்பாடு உலகம் சுற்றிக் கற்பித்த சென் ஷியாவ்வாங், சென் ஜெங்லெய், வாங் ஷியான், ஜு தியென்சாய் நால்வரும் அந்தக் கிழவரின் கையில் வளர்ந்தவர்கள்தான்.

ஷியாவ்வாங் ஃபாகேவின் மகன் வழிப் பேரன், அதாவது ரத்தத்தில் நேர்வாரிசு. ஆனால் இளவயதிலேயே தந்தை சென் ஜாவ்ஷுவை இழந்தவர். அவருக்குக் கலை முக்கியமாக வந்தது ஒன்றுவிட்ட பெரியப்பா முறையான ஜாவ்பீயிடமிருந்து. ஜாவ்பீ 1972-இல் இறந்தபிறகு பெய்ஜிங்கிலிருந்து வந்துபோய்க் கற்பித்த சித்தப்பா சென் ஜாவ்குவெய்யிடமிருந்து (1928–1981). ரத்தம் ஒரு கோடு, பாடம் இன்னொரு கோடு. சில இடத்தில் ஒட்டும், பல இடத்தில் விலகும். ‘அறுபடாத பரம்பரை’ என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் சிரித்துக்கொள்வேன். அறுந்த இடத்திலெல்லாம் பக்கத்து வீட்டுப் பங்காளி வந்து முடிச்சுப் போட்டிருக்கிறார்.

ஜாவ்குவெய் கற்பித்தது, சென்ஜியாகோவில் ஜாவ்பீ கற்பித்ததிலிருந்து மாறி இருந்தது. மணிக்கட்டிலும் முழங்கையிலும் சுழற்சி அதிகம், திடீர் வெடிப்பும் அதிகம். அதனால் ஊர்க்காரர்கள் அதைப் ‘புதிய சட்டகம்’ என்றும் ஜாவ்பீயுடையதைப் ‘பழைய சட்டகம்’ என்றும் பெயரிட்டார்கள். பெய்ஜிங் மாணவர்களைக் கேட்டால், எது புதிது, இதுதானே ஃபாகே செய்தது என்று கோபப்படுவார்கள். இதற்குள் நுழைந்தால் இன்னொரு பதில் எழுதவேண்டும்.

பெயர்களைப் படிக்க ஒரு சின்ன உதவி: இந்தக் குடும்பத்தில் ஒரே தலைமுறைப் பங்காளிகள் பலருக்குப் பொதுவாக ஓர் எழுத்து இருக்கும். ஜாவ்பீ, ஜாவ்குவெய், ஜாவ்ஷு மூவரும் 18. ஷியாவ்வாங், அவருடைய தம்பி ஷியாவ்ஷிங் 19. எல்லோரும் இதைப் பின்பற்றவில்லை, ஜெங்லெய் 19-ஆம் தலைமுறைதான்.

சரி, வாங் ஷியானும் ஜு தியென்சாயும் சென் என்ற குடும்பப்பெயர் இல்லாமலே 19-ஆம் தலைமுறையாக எண்ணப்படுகிறார்களே? 18-ஆம் தலைமுறை ஆசிரியரின் மாணவர் 19 என்பது கணக்கு. அதற்கு முறைப்படி ‘பாய்ஷி’ செய்யவேண்டும்: மண்டியிட்டு வணங்கி, விண்ணப்பம் கொடுத்து, தேநீர் ஏந்தி, ஆசிரியர் வாங்கிக் குடித்தால் நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளை. சீன மொழியில் ஆசிரியரைக் குறிக்கும் ‘ஷிஃபு’ என்ற சொல்லின் ஒரு எழுத்துவடிவத்தில் தந்தை என்ற எழுத்தே இருக்கிறது. பெண்களுக்குச் சொல்லித்தருவதில்லை என்ற பழைய வழக்கும் இப்படித்தான் கரைந்தது. மகள் கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குக் கலையைக் கொண்டுபோய்விடுவாள் என்ற பயம் அது. ஆனால் சியானில் ‘சின்னச் சட்டகம்’ என்ற கிளையைத் தாங்கிப் பிடித்தவர்களில் முக்கியமானவர் சென் லிச்சிங் என்ற பெண்.

ஆக, உங்கள் ஆசிரியர் 19-ஆம் தலைமுறைக்காரர் ஒருவரிடம் பாய்ஷி செய்திருந்தால் 20 என்று போட்டுக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஒருவார முகாமில் கலந்துகொண்டு புகைப்படம் எடுத்தவர்களும் அதையே போட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் சிக்கல். எண்ணை விட்டுவிட்டு அவரிடம் வேறு மூன்றைக் கேட்டுப் பாருங்கள்: யார் கையைத் தொட்டுத் திருத்தினார், எத்தனை வருடம், செய்வது பழைய சட்டகமா புதிய சட்டகமா. அப்புறம் லான் ஜா யீயை ஒருமுறை மெதுவாகச் செய்துகாட்டச் சொல்லுங்கள். வலக்கை விரியும்போது அது தோளிலிருந்து கிளம்புகிறதா, இடுப்பிலிருந்து கிளம்புகிறதா என்று பாருங்கள்.